சாராளுக்காக ஒரு ஜெபச் சீட்டு

உட்காரு பிள்ளை. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காரு. பனி தேசத்திலிருந்து வந்தவளுக்கு எங்கள் ஊர் ஆகஸ்டு வெயில் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரிதான் இருக்கும். இந்தா, முதலில் நன்னாரி குடி. உன் பஸ் மூன்றரைக்குத்தான். சாப்பிட்டுவிட்டு, நான் சொல்வதையும் கேட்டுவிட்டு, நிதானமாகப் போகலாம்.

நிரோஜினிதானே உன் பெயர்? பியூலா போனில் சொன்னாள். "என்கூட கரடி வேலை பாக்குற பிள்ளம்மா. யாழ்ப்பாணத்துக்காரி, ஆறு வயசுலயே கனடாவுக்குப் போயிட்டா. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குத் திருச்சிக்கு வாறா. உன்னையும் ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்." என் மகள் வரவில்லை, ஆள் அனுப்புகிறாள். இருக்கட்டும். நீ என்ன செய்வாய்.

மீன் சாப்பிடுவாய்தானே?

பார், அதைத்தான் சொல்ல வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து எதைக் கேட்டாலும் 'ஓம்', 'ஓம்' என்கிறாய். உங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று பியூலா முன்பே சொன்னாள். இருந்தாலும் இது முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுகிற வீடு. ஒவ்வொரு தடவையும் எனக்குத் திக்கென்கிறது. 'ஆமா' என்று சொல்லிப் பழகு. சின்ன வார்த்தைதானே.

நீ போகும்போது உன் கையில் ஒரு டப்பா கொடுத்து விடுவேன். இதோ, இந்தச் சிவப்பு டப்பா. ஒளித்துப் பேச எனக்கு வராது. இதற்குள் பியூலாவின் தாலி இருக்கிறது. போன வருஷம் மே மாதம் அவள் அப்பாவுடைய நினைவு ஆராதனைக்கு வந்தாள். பதினைந்து நாள் இருந்தாள். பதினைந்து நாளும் கழுத்து மூடின சட்டையாகப் போட்டாள். கனடா பழக்கம் என்று நினைத்தேன். அவள் விமானம் ஏறின மறுநாள் பட்டன் தைக்கலாம் என்று என் ஊசி நூல் டப்பாவைத் திறந்தால், நூல்கண்டுக்கு நடுவில் தாலி. சிலுவை போட்ட தாலி. சபை ஐயர் ஜெபித்துக் கொடுத்து, மாப்பிள்ளை கையால் போட்ட தாலி. பட்டனோடு பட்டனாக.

அதை நீ கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கக் கூடாது. கழுத்தில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதை நான் நாகர்கோவிலில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அந்த அம்மா நாள் வைத்துவிட்டாள். "செப்டம்பர் பத்துக்குள்ள ஒண்ணு உங்க மக கழுத்துல தாலி ஏறணும். இல்லன்னா எங்க வீட்டுத் தாலி எங்க வீட்டுக்கு வரணும். எம் பிள்ளைக்கு நான் வேற பாக்கணும்." போனில் இப்படித்தான் சொன்னாள், முருங்கைக்காய் கேட்கிற மாதிரி. ஏற்றினால் குடும்பம் இருக்கும். ஏற்றாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் உன்னை உட்கார வைத்துப் பேசுகிறேன்.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எனக்கு என்ன தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அங்கே செய்வதெல்லாம் ஒரு வேலையா? மாட்டு டாக்டருக்குப் படிக்க வைத்தோம். எங்கள் தெருவில் மாடு சினை பிடிக்கவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு கெட்டிக்காரி. அவள் இன்றைக்குக் கரடிக்கு நகை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "ஹெலிகாப்டர்ல போயி மேல இருந்து மயக்க ஊசி சுடுவோம்மா. அது படுத்ததும் இறங்கிப் போயி, பல்லு பாத்து, அளவெடுத்து, கழுத்துல பட்டை மாட்டிருவோம். அந்தப் பட்டை சாட்டிலைட்டுக்குச் சொல்லும். கரடி எங்க நடந்தாலும் மேப்புல புள்ளி விழும்."

"எதுக்குட்டி?"

"பனிக்கரடிக்கு ஐஸ் மேல நின்னாத்தான் எர கிடைக்கும். அந்த ஐஸ் வருஷா வருஷம் சீக்கிரம் உருகுதும்மா. அதுங்க எங்க போகுது, எவ்வளவு நீந்துது, எத்தன நாள் பட்டினி கிடக்குதுன்னு தெரியணும்லா."

"தெரிஞ்சா சோறு போடுவியளா?"

கேட்டேனா இல்லையா? 'அங்க மழை உண்டாம்மா?' என்று பேச்சை மாற்றினாள். உங்கள் புரொபசர் ஒரு நாள் வீடியோவில் வந்து எனக்கு 'வணக்கம்' சொன்னாரே, தாடியெல்லாம் ஐஸ் ஒட்டிக்கொண்டு, அவரிடமும் இதைத்தான் கேட்கச் சொன்னேன். பியூலா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் வேலையை விட்டிருப்பான். கடவுள் காட்டிலே விட்ட மிருகம். அது பாட்டுக்குப் போகிறது. அதைச் சுட்டு, தூங்க வைத்து, வாயைத் திறந்து பார்த்து, நாய்க்குப் போடுகிற மாதிரி பெல்ட்டைப் போட்டு, எழும்பிப் போ என்கிறது. அது எழும்பிப் பார்த்துவிட்டு என்ன நினைக்கும்? யார் வந்தார்கள், என்ன கட்டினார்கள் என்று அதற்குத் தெரியுமா?

அதிலும் ஒரு கூத்து கேள். நான் கேட்டேன், "ஆண் கரடிக்கும் இப்படித்தான் கட்டுவியளா?" என்று.

"இல்லம்மா. ஆணுக்கு நிக்காது. அதுக்குக் கழுத்து தலையவிடப் பருமன். ஒரு உலுப்பு உலுப்பினா உருவிட்டு வந்துரும். பொண்ணுக்கு மட்டுந்தான் மாட்டுவோம்."

அங்கேயுமா! எனக்கு அப்போது பியூலாவின் அப்பா ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் பம்பாய்க்குப் போகிறேன் என்று போனவர், பதினாலு மாதம் ஒரு கடுதாசி கிடையாது. என் கழுத்தில் தாலி இருந்தது, ஊரெல்லாம் அதைத்தான் பார்த்தது. அவர் கழுத்தில் ஒரு மப்ளர்கூட இல்லை. பிறகு ஒரு நாள் வந்தார். நானும் சோறு வைத்தேன். எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அது குடும்பம். அதையெல்லாம் கரடியோடு சேர்த்துப் பேசக் கூடாது. நான் சேர்க்கவில்லை, சும்மா ஞாபகம் வந்தது.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா? ஊற்றிக்கொள். எலும்பாக இருக்கிறாய்.

மருமகனைப் பற்றி அவள் உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், நீயே முடிவு செய். கிளாட்வின் தங்கமான பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனை. டொராண்டோவில் பெரிய வேலை. பெண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்கிறாய்! அவள் போனில் என்னமோ வைத்துக் கொடுத்திருந்தான். அவள் எங்கே போனாலும் அவன் போனில் தெரியும். கடையில் பத்து நிமிஷம் கூட ஆனால் உடனே கூப்பிடுவான். சில நாள் எனக்கே கூப்பிடுவான். "அத்தை, உங்க மக லைப்ரரில மூணு மணி நேரமா இருக்கா. அங்க அப்படி என்ன இருக்கு?" என்பான். நான் பெண்கள் சங்கத்தில் பெருமையாகச் சொல்வேன், என் மருமகன் கடல் தாண்டி இருந்தாலும் மாமியாரைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டான் என்று.

அதற்கு இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு மூச்சு முட்டுதும்மா." மைனஸ் முப்பதில் ஹெலிகாப்டரில் தொங்குகிறவளுக்கு, ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் மூச்சு முட்டியதாம்! படிக்கப் போகிறேன் என்று வேறு ஊருக்குப் போனாள், அப்படியே இருந்துவிட்டாள். பியூலா என்றால் வாழ்க்கைப்பட்டவள் என்று அர்த்தம் பிள்ளை. ஞானஸ்நானம் கொடுத்த ஐயரே அர்த்தம் சொல்லித்தான் பெயர் வைத்தார். பெயருக்காவது வாழ வேண்டாமா?

தாலி ஏன்டி டப்பாவில் கிடக்கிறது என்று கேட்டதற்கு, "அந்தக் குளிர்ல உலோகம் தோல்ல ஒட்டிக்கிடும்மா. இழுத்தா தோலோட வரும்" என்றாள். நான் விடவில்லை. "மிருகத்துக்குப் போட உன்ட்ட பெல்ட் இருக்கு. உங் கழுத்துல போடத் தாலி இல்ல, என்னட்டி?" என்றேன். அதற்குச் சொல்கிறாள், "அந்தப் பட்டை தானா கழறும்மா. மாட்டும்போதே நாள் குறிச்சிருவோம். ரெண்டு வருஷம் ஆனதும் பூட்டு விட்டுரும், கீழ விழுந்துரும். சாகுற வரைக்கும் கிடந்தா கழுத்து புண்ணாயிரும்லா."

கழறுவதற்கென்றே ஒன்றைக் கட்டுவார்களாம். இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

சரி, என்னையும் அதில் இழுத்துவிட்டாள், அதைச் சொல்கிறேன். அவள் முதல் முதல் தன் கையால் பட்டை போட்ட கரடி முப்பத்தேழாம் நம்பர். அதன் மேப்பை என் போனில் போட்டுக் கொடுத்தாள். "நீ காலைல ஜெபம் முடிச்சதும் இதப் பாரும்மா. நானும் இதத்தான் பாத்துட்டு இருப்பேன். புள்ளி எந்த ஊருப் பக்கம் நிக்குதோ அந்த ஊர்லதான் நாங்களும் தங்கியிருப்போம்" என்றாள். வேறு வேலை இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது. நான் சும்மா ஒரு நாள் பார்த்தேன். பிறகு மறுநாள். அந்தக் கடலை ஒட்டியே நடக்கும். ஒரு நாள் கன்னியாகுமரி போகிற தூரம் நடந்திருக்கும், ஒரு நாள் அடுத்த தெரு வரைக்கும்தான். நம்பர் சொல்லிக் கூப்பிட எனக்குப் பிடிக்கவில்லை, ஜெயில் மாதிரி. சாராள் என்று வைத்தேன். வயது இருபத்தொன்று. கரடிக்கு அது கிழவி வயதாம். அந்த வயதில் வயிற்றில் பிள்ளை. வேதத்தில் சாராளும் கிழவி வயதில்தான் பெற்றாள். வேறு என்ன பெயர் வைப்பது?

அப்புறம்தான் அந்தச் சங்கதி நடந்தது. போன வருஷம் செப்டம்பர் கடைசி. கிளாட்வின் கூப்பிட்டான். "அத்தை, அவ என் போனை எடுக்குறதே இல்ல. எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா நேர்ல போயி கூட்டிட்டு வந்துருவேன்" என்று அழுதான். நான் இளகிவிட்டேன். அந்த மேப்பை அவனுக்கு அனுப்பினேன். புள்ளி எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்து ஊர்தான் என்றும் சொன்னேன்.

இரண்டு நாள் ரயிலில் போயிருக்கிறான் பிள்ளை! அந்த ஊருக்கு ரோடே கிடையாதாமே. பெண்டாட்டியைத் தேடி இரண்டு நாள் ரயிலில் போனவன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவன் தட்டியிருக்கிறான், கூப்பிட்டிருக்கிறான், கொஞ்சம் கத்தியும் இருக்கிறான், மனுஷன்தானே. கதவு திறக்கவில்லை. அந்த வீட்டில் நீயும் இருந்தாயாமே. கதவைச் சாத்தினது யார்? நீயா?

இந்த 'ஓம்' நன்றாகக் கேட்கும்படி வருகிறதே.

சரி. உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பியூலா என்னைக் கூப்பிட்டாள். "ஏம்மா, நீயுமா?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பிறகு ஐந்து மாதம் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி, அதற்கு முன் ஒரு வரி. நான் என்ன கொலையா பண்ணினேன்? பெண்டாட்டி இருக்கிற இடத்தைப் புருஷனுக்குச் சொன்னேன். இது ஒரு குற்றம் என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா?

நீ பேசாமல் சாப்பிடு.

அவள் போன் நின்றது, அக்டோபரில் அந்தப் புள்ளியும் நின்றது. ஒரே இடம். நேற்றும் அங்கே, இன்றும் அங்கே. செத்துவிட்டது என்று நினைத்தேன். பெல்ட்டைப் போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று புரொபசரை ஒரு வாரம் திட்டினேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். பிறகுதான் பியூலாவிடமிருந்து அந்த ஒரு வரி வந்தது. '37 குழிக்குள்ள போயிட்டா. குட்டி போடத்தான். ரெண்டா இருக்கலாம். மார்ச் வரை வெளிய வர மாட்டா.' அம்மா எப்படி இருக்கிறாய் என்று இல்லை. கரடி எப்படி இருக்கிறது என்று வருகிறது.

ஜூலையில் ஐஸ் உருகி அது கரைக்கு ஏறினது. அன்றிலிருந்து சாப்பாடு கிடையாது. மார்ச் வரைக்கும் கிடையாது. எட்டு மாதம்! குழிக்குள்ளேயே பெற்று, பாலும் கொடுக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை ஒரு நேரம் உபவாசம் இருந்தாலே சாயங்காலம் முறுக்கு டப்பாவைத்தான் கை தேடுகிறது.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபச் சீட்டு போடலாம். பெயர், வயது, என்ன தேவை என்று எழுதிப் பெட்டியில் போட்டால் ஐயர் பீடத்திலிருந்து வாசிப்பார். சபையே கண்ணை மூடி ஜெபிக்கும். பியூலா பெயரைப் போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். என்ன தேவை என்று எழுதுவது? போட்டால் சங்கம் முழுக்க என் வாசலில் நிற்கும். பேனா நின்றுவிட்டது. நின்ற பேனா தானாக எழுதினது: 'சாராள், வயது 21, கர்ப்பவதி, குளிர் தேசத்தில் தனியாக இருக்கிறாள். சுகப் பிரசவத்துக்காக.' இதில் ஒரு எழுத்து பொய் உண்டா? சொல்.

ஐயர் வாசித்தார். வாசிக்கும்போது அவராக ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். "நம்முடைய அருமைச் சகோதரி சாராளுக்காக ஜெபிப்போம்." நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஜாய்ஸ் அக்கா பிடித்துக்கொண்டாள். அவள்தான் எங்கள் சங்கத் தலைவி. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"எப்சிபா, யாரு அந்தச் சாராள்?"

"பியூலாவுக்கு வேண்டியவ."

"எந்தப் பக்கத்துப் பிள்ள?"

"வடக்க."

"இருபத்தொரு வயசுலயா! பாவம். புருஷன் என்ன பண்ணுதான்?"

"கூட இல்ல. உண்டானதும் போயிட்டான்."

"அடப் பாவி! அப்போ சாப்பாட்டுக்கு?"

"ஜூலைல சாப்பிட்டதுதான்."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஜாய்ஸ் அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்கிறாள், "அந்தப் பய திரும்பி வந்து நின்னாலும் கதவத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு எப்சிபா. பிள்ளையும் தாயுமா இருக்குற வீடு. இன்னைக்கு வந்து அழுவான், நாளைக்கு என்ன செய்வான்னு யாரு கண்டா?" எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரடிக்குப் போய்க் கதவைச் சொல்கிறார்களே என்று. வீட்டுக்கு வந்தும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்று கேட்காதே.

அந்தப் பெண்களுக்கு ஒன்று சொன்னால் ஒன்பது செய்வார்கள். அடுத்த வாரமே கம்பளி நூல் வாங்கி ஆளுக்கொரு பக்கம் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுதானே என்றார்கள். ரெண்டு இருக்கலாம் என்றேன், வாய் தவறி. ரெட்டைப் பிள்ளையா என்று இன்னும் நூல் வாங்கினார்கள். இதோ பார். இரண்டு ஸ்வெட்டர், இரண்டு குல்லாய். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நீளம் ஒத்துப் போகவில்லை. ஜாய்ஸ் அக்கா பின்னினது அப்படித்தான் இருக்கும். இதை எங்கே அனுப்புவது? பத்து மாதமாக அலமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

சிரிக்காதே. ஆறு மாதம் அந்தச் சபை ஒரு கரடிக்காக ஜெபித்தது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் கேட்டதற்கெல்லாம் உண்மைதான் சொன்னேன். ஐயரிடம் மட்டும் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஜெபம் முடித்துப் போனைத் திறந்தேன். புள்ளி நகர்ந்திருந்தது. அரை விரல்கடை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நகர்ந்துதான் இருந்தது. 'ஸ்தோத்திரம்' என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. யோசிக்கவே இல்லை, பியூலா நம்பரைப் போட்டுவிட்டேன். ஐந்து மாதமாக எடுக்காதவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்ட்டி."

அவ்வளவுதான் பேசினோம். மீதி நேரம் அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள், நான் இந்தப் பக்கம். ஒரு கரடிக்குப் போய் இரண்டு பெண்பிள்ளைகள்! வெட்கக்கேடு.

சரி, கதையை விடு. இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மூன்று வாரமாகப் புள்ளி மறுபடியும் அசையவில்லை. இது குழிக்குள் போகிற மாதமும் இல்லை. பியூலா காட்டில் இருக்கிறாளாம், போன் எட்டவில்லை. கிளாட்வினும் அந்த மேப்பை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நேற்றுக் காலையில் கூப்பிட்டான். "அத்தை, புள்ளி ஒரே இடத்துல நிக்குது. அப்போ அவளும் அங்கதான இருப்பா? எந்த ஊருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க." நான் கேட்டேன், "மாப்ள, சாராள் செத்திருப்பாளோ?" என்று. "எந்தச் சாராள்?" என்கிறான். நூறு தடவை சொல்லியிருப்பேன். "அந்தக் கரடியா? அது கிடக்குது அத்தை, அவ எங்க, அதச் சொல்லுங்க." ஆண்பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

சொல், அது இருக்கிறதா, இல்லையா? என்னிடம் மறைக்க வேண்டாம்.

என்ன? மெதுவாகச் சொல். உன் தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது, ஆன்ட்டி என்பதையே 'அன்ரி' என்கிறாய்.

'பட்டி கழண்டு விழுந்திட்டுது அன்ரி.' பட்டை கழன்று விழுந்துவிட்டதா? அதுவாகவா? ஆமாம், இரண்டு வருஷம் ஆகிவிட்டதே. பூட்டு விட்டுவிட்டது. அப்படியானால் அங்கே நிற்பது சாராள் இல்லை, வெறும் பெல்ட்டா? மூன்று வாரமாக நான் ஒரு வெறும் பெல்ட்டுக்காகவா ஜெபித்தேன்?

அவள் எங்கே? ... இரண்டு குட்டியோடும் கண்டீர்களா? ஹெலிகாப்டரில் போகும்போது? இரண்டும் இருக்கிறதா? கொழுகொழு என்றா? ஸ்தோத்திரம் ஆண்டவரே. பிறகு என்ன, இன்னொரு பெல்ட்டைப் போட வேண்டியதுதானே. ஏன் போடவில்லை? வயதாகிவிட்டது, இனி வேண்டாம், விட்டுவிட்டோம் என்றா? அப்புறம் அவள் எங்கே இருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?

'தெரியாது அன்ரி.'

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய். தெரியாதாம். இத்தனை படித்து, ஹெலிகாப்டர் வைத்து, சாட்டிலைட் வைத்து, கடைசியில் தெரியாதாம். எங்கள் தெரு ஆட்டுக்காரனுக்கு அவன் ஆடு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

அது என்ன போனில்? காட்டு. வெயில் அடிக்கிறது, இப்படித் திருப்பு.

இது பியூலாவா?

கையில் என்ன அது, செருப்பு வார் மாதிரி. ஓ, இதுதான் அந்தப் பெல்ட்டா. எடுத்த உடனே அணைத்துவிட்டீர்களா, அதனால்தான் புள்ளி அங்கேயே நிற்கிறது. நாற்றம் அடிக்கும் போல் இருக்கிறது. உள்பக்கம் எல்லாம் வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் போய் மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள், பரிசுக் கோப்பை மாதிரி. சட்டை ஜிப்பை இறக்கி விட்டிருக்கிறாள், கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பாசி மணிகூட இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

கொஞ்சம் பெரிதாக்கு. முகத்தை.

அந்தத் தெற்றுப்பல் தெரிகிறது. அது வெளியே தெரியக் கூடாது என்று வாயை மூடித்தான் சிரிப்பாள். கல்யாண ஆல்பம் முழுக்கப் புரட்டினாலும் அந்தப் பல்லைப் பார்க்க முடியாது. கடைசியாக நான் அதைப் பார்த்தது, மாட்டு டாக்டருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தபால் வந்த அன்றைக்கு. கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இந்த வாசலில்தான் நின்றாள்.

என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது. கண்ட நாற்றத்தையும் கையில் பிடித்துக்கொண்டு.

போனை வை. மணி மூன்றாகிவிட்டது. உன் பையைக் கொண்டு வா, நானே அடுக்குகிறேன். உனக்கு அடுக்கத் தெரியாது, வரும்போதே பார்த்தேன். இது அச்சு முறுக்கு, உடையாமல் மேலே இருக்கட்டும். இது பனங்கற்கண்டு. இருமலுக்கு வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல். ஸ்வெட்டர் இரண்டையும் கொண்டு போ. சாராள் கழுத்தில் மாட்டச் சொல்லவில்லை, பயப்படாதே. அங்கே ஏதாவது பிள்ளை பெற்ற வீட்டில் கொடு. ஜாய்ஸ் அக்கா கேட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சிவப்பு டப்பாவா? அது இருக்கட்டும். உன் பையில் இடம் இல்லை.

எங்கே இடம் இருக்கிறது? அந்த மூலையிலா? அது போதாது. இல்லை பிள்ளை, நான் சொல்கிறேன், இடம் இல்லை. அழுத்தினால் முறுக்கு உடைந்துவிடும். விடு. நாகர்கோவிலுக்கு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. நானே கொண்டுபோய் அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். முருங்கைக்காய் கேட்கிற மாதிரி கேட்டாளே, வாங்கிக்கொள்ளட்டும்.

கிளாட்வின் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும். புள்ளி இல்லை மாப்ள, பட்டை கழன்றுவிட்டது, எங்கே என்று எனக்கும் தெரியாது. இதில் ஒரு எழுத்து பொய் உண்டா?

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன், பியூலாவிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் எழுத வேண்டும், அதற்காகக் கேட்கிறேன். இந்தத் தடவை அவள் பெயரைத்தான் எழுதப் போகிறேன். நீ கூடவே இருக்கிறவள், உனக்குத் தெரியும். கழுத்தில் ஒன்றும் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல், அந்தக் குளிருக்குள் என் பிள்ளை நன்றாக இருக்கிறாளா?

இருக்கட்டும் பிள்ளை, அதைத் திருத்த வேண்டாம். 'ஓம்' என்றே சொல்லு. இன்னொரு தடவை சொல்லு.